நாற்பத்தொரு வீட்டு ப்யூஸ் கட்டை

உக்கிரபாண்டி அண்ணன் தெருவுக்குள் நுழைந்தால் எங்கள் புதுமடத்துப் பெண்கள், "பல்லுப் புடுங்குறவரு வந்துட்டாரு" என்று வீட்டுக்குள் பார்த்துச் சத்தம் கொடுப்பார்கள். அவர் மின்வாரியத்தில் வயர்மேன். பல் என்று அவர்கள் சொல்வது மெயின் சுவிட்சில் செருகியிருக்கும் பீங்கான் ப்யூஸ் கட்டையை. லைனில் பெரிய வேலை இருக்கிற நாளில், போஸ்ட்டில் ஏறுவதற்கு முன் வீடு வீடாகப் போய் அந்தக் கட்டையைப் பிடுங்குவார். மார்க்கர் பேனாவால் அதன்மேல் வீட்டுப் பெயரை எழுதித் தோள்பையில் போட்டுக்கொள்வார். எங்கள் லைனில் நாற்பத்தொரு வீடு. நாற்பத்தொரு வீட்டுக் கட்டையும் பைக்குள் வந்த பிறகுதான் அவர் கால் தரையை விட்டுக் கிளம்பும்.

அப்படிச் செய்யச் சொல்லி அவருக்கு யாரும் உத்தரவு போடவில்லை. பல வருஷத்துக்கு முன் வேறொரு ஊரில் அவரோடு வேலை பார்த்தவர், டிரான்ஸ்பார்மரில் கரண்டை நிறுத்திவிட்டுத்தான் போஸ்ட்டில் ஏறினார். ஏதோ ஒரு வீட்டில் ஜெனரேட்டரை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கரண்ட் மெயின் சுவிட்ச் வழியாகத் திரும்பிப் போய்த் தெருக்கம்பியில் ஏறியிருந்தது. கம்பியைத் தொட்டவர் அங்கேயே முடிந்தார். அன்றிலிருந்து இவருக்கு இந்தப் பழக்கம். இதனால் இவர் யாரையும் நம்பாதவர் என்று நினைத்தால் தப்பு. "யாரு வீட்ல ஜெனரேட்டர் இருக்குன்னு கேட்டா இல்லேம்பாக. அப்புறம் நான் ஒவ்வொருத்தரையா சந்தேகப்படணும். எல்லாரு கட்டையும் வாங்கிட்டா யாரையும் சந்தேகப்பட வேணாம்ல" என்பார். சந்தேகப்படாமல் இருப்பதற்காக ஒரு மனிதர் நாற்பத்தொரு வாசல் ஏறி இறங்கினார்.

அவருக்கு நயினார்கோவில் பக்கம் ஒரு கண்மாய்க்கரைக் கிராமம். நெல்லும் மிளகாயும் போடுகிற குடும்பம். போஸ்ட்டுக்குக் குழி தோண்டும் கூலியாக வாரியத்தில் சேர்ந்து, பத்து வருஷம் இழுத்தடித்த பிறகு நிரந்தரம் ஆனார். எங்கள் ஊருக்கு வந்து பதினெட்டு வருஷம். கடலையே சரியாகப் பார்த்திராத மனிதர், கடற்காற்றோடு மல்லுக்கட்டியே தலை நரைத்தார். மழையில்லாத மாதங்களில் எங்கள் போஸ்ட்டுகளில் கம்பியைத் தாங்கும் பீங்கான் மேல் உப்பு படிந்துகொண்டே இருக்கும், வடிகஞ்சி காய்ந்து ஒட்டியதுபோல. வெயிலில் அது ஒன்றும் செய்யாது. முதல் தூறல் விழுந்ததும் உப்பு நனைந்து பொறி பறக்கும், லைன் செத்துவிடும். மழை வந்ததென்று ஊரே வாசலில் நின்று சிரிக்கும்போது, அவர் மட்டும் வானத்தைத் திட்டிக்கொண்டே உச்சிப்புளியிலிருந்து பைக்கில் வருவார்.

நான் ஜாபர் சாதிக். பதினேழு வருஷம் ஷார்ஜாவில் எலக்ட்ரீசியனாக இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பியவன். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் தெரியாத்தனமாகச் செய்துவிட்டேன் என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியில்லை. பாண்டியண்ணன் பழைய கட்டிங் பிளேயரையும் துணிப்பையையும் வைத்துக்கொண்டு செய்கிற வேலையைப் பார்த்து மனதுக்குள் சிரித்திருக்கிறேன். கரண்ட் எனக்குத் தெரிந்த அளவுக்கு இந்த ஆளுக்குத் தெரியுமா என்ற திமிர் இருந்தது. அவர் என்னை எப்போதும் தம்பி என்றுதான் கூப்பிடுவார்.

போன கார்த்திகையில் புயல் வந்தது. கரையைத் தொடுவதற்கு முதல் நாள் சாயங்காலம், டிரான்ஸ்பார்மரை நிறுத்திவைக்க அவர் ஊருக்குள் வந்தார். வேலையை முடித்துத் திரும்புவதற்குள் காற்று பிடித்துக்கொண்டது. விடிந்து பார்த்தால் உச்சிப்புளி ரோட்டில் ஓடைப் பாலத்தை வெள்ளம் அரித்துக்கொண்டு போயிருந்தது. அங்கிருந்து யாரும் வர முடியாது, இங்கிருந்து யாரும் போக முடியாது. செல்போன் டவர் செத்துவிட்டது. தெருவில் தொடையளவு தண்ணீர், அதில் பனை மட்டையும் வீட்டுச் செருப்புகளும் மிதந்தன. அவர் மதரஸா அறையில் ஒரு பாயில் படுத்திருந்தார். அவர் ஊர்க் கண்மாய் உடைந்ததா இல்லையா என்று சொல்ல ஆளில்லை. அவருடைய மனைவி சோணையம்மாள் அங்கே தனியாக இருந்தார். இதை அவர் ஒரே ஒரு முறைதான் என்னிடம் சொன்னார்.

எங்கள் வீட்டுக் கவலை வேறு. என் அக்கா காலிதாவுக்கு, நாங்கள் ராத்தா என்போம், நுரையீரல் சுருங்கிப்போகிற வியாதி. ஆக்சிஜன் மெஷின் ஓடினால்தான் அவர் உட்கார்ந்து நாலு வார்த்தை பேச முடியும். மெஷினுக்குக் கரண்ட் வேண்டும். புயல் அன்று இரவே அவர் வீட்டு இன்வெர்ட்டர் பாட்டரி தீர்ந்துவிட்டது. கைவசம் இருந்த ஒரே சிலிண்டரில் ராமநாதபுரத்திலிருந்து கொண்டுவந்த காற்று, மறுநாள் காலை பத்து மணிக்கு மேல் தாங்காது என்று முள்ளைப் பார்த்தாலே தெரிந்தது.

என் வீட்டில் ஜெனரேட்டர் இருந்தது. ராத்தா வீடு ஆறு வீடு தள்ளி. என்ன பெரிய கஷ்டம், ராத்தாவைத் தூக்கிக்கொண்டு வந்துவிட வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். மச்சான் மவுத்தாகி அன்றைக்கு ஐம்பதாவது நாள். ராத்தா இத்தாவில் இருந்தார். எங்களில் புருஷனை இழந்த பெண் நாலு மாதம் பத்து நாள் வீட்டைவிட்டு வெளியே வரமாட்டாள், அந்நிய ஆண்கள் உள்ளே போகமாட்டார்கள். உயிருக்கு ஆபத்து என்றால் வெளியே வர மார்க்கத்தில் இடமிருக்கிறது என்று ஆலிம்சா வாசலில் நின்று குரல் கொடுத்துச் சொன்னார். ராத்தா கேட்கவில்லை. முப்பது வருஷம் கூட வாழ்ந்த மனிதருக்கு அவர் செய்கிற கடைசி மரியாதை அது.

"நான் தெருவுல எறங்க மாட்டேன் ஜாபரு. அவுக மய்யித்து போன வாசல் இது. மூச்சு நின்னா இங்கனயே நிக்கட்டும்" என்றார். இதைச் சொல்வதற்குள் மூன்று முறை நிறுத்தி மூச்சு வாங்கினார். அவர் மகள் லாமியா முதுகைத் தடவிக்கொண்டே என்னைப் பார்த்தாள். நீங்கதானே மாமா எலக்ட்ரீசியன் என்று அந்தப் பார்வை கேட்டது.

ஜெனரேட்டரைத் தூக்கிப் போகலாம் என்றால், தண்ணீருக்குப் பயந்து அதைப் புயலுக்கு முன்பே கயிறு கட்டி ஆறு பேர் சேர்ந்து மொட்டை மாடிக்கு ஏற்றியிருந்தோம். இந்தத் தண்ணீரில் இறக்கினால் ஒரு முங்கில் அது போய்விடும். மாடிக்கு மாடி வயர் இழுக்கலாம் என்று வீட்டிலிருந்த வயரையெல்லாம் முடிச்சுப் போட்டுப் பார்த்தேன். இரண்டு வீட்டுத் தூரம் குறைந்தது. கடை எல்லாம் தண்ணீருக்குள். மாடியில் நின்று சுற்றிப் பார்த்தேன். நாலு பக்கமும் தண்ணீர், ஒரு பக்கம் கடல். என் கையில் கரண்ட் இருந்தது, அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கத்தான் வழியில்லை.

அப்போது பாண்டியண்ணன் வேட்டியை மடித்துக் கட்டி, பையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தண்ணீரில் வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தார். பல் பிடுங்க ஆரம்பித்துவிட்டார்.

அதைப் பார்த்ததும் எனக்கு மூளை வேலை செய்தது. அந்த மூளையை இப்போது நினைத்தால் அருவருப்பாக இருக்கிறது. டிரான்ஸ்பார்மரில் லைனைப் பிரித்துவிட்டார். நாற்பத்தொரு வீட்டுக் கட்டையும் அவர் பைக்குப் போனால், தெருக்கம்பியில் ஒரு வீடும் தொங்கிக்கொண்டிருக்காது. என் வீட்டு வாசலிலிருந்து ராத்தா வீட்டு வாசல் வரை அறுந்துபோகாமல் ஒரு கம்பி சும்மா கிடக்கும். இரண்டு வீட்டுக்கும் ஒரே ஃபேஸ். என் வீட்டில் ஒரு கட்டையும் ராத்தா வீட்டில் ஒரு கட்டையும் இருந்தால் போதும். எனக்குக் குறைந்த இரண்டு வீட்டு வயரை மின்வாரியமே போட்டுவைத்திருக்கிறது.

அவர் என் வீட்டுக்கு வந்து தன் கையாலேயே மூன்று கட்டையையும் பிடுங்கினார். பெயரை எழுதிக்கொண்டே, "தங்கச்சிக்கு எப்பிடி இருக்கு தம்பி?" என்றார். ராத்தாவை அவர் தங்கச்சி என்பார்.

"சிலிண்டர் ஓடுது" என்றேன்.

"சேரி. நானும் இங்கனதான் கெடக்கேன். இன்னைக்குப் பூராவும் பனங்காட்டுப் பக்கம் பெரிய லைன்லதான் வேல. அங்கன ரெண்டு போஸ்ட்டு சாஞ்சு கெடக்கு. நம்ம தெருக்கம்பிய நாளைக்குத்தான் தொடுவேன்."

இதை அவர் சும்மா தகவலாகச் சொன்னார். எனக்கு அது அனுமதிச் சீட்டு மாதிரி கேட்டது. பனங்காட்டில் வேலை செய்கிறவருக்கு என் ஜெனரேட்டரால் ஆபத்தில்லை, நடுவில் டிரான்ஸ்பார்மரில் பிரித்திருக்கிறது. கணக்கு சரியாகத்தான் இருந்தது.

ராத்தா வீட்டுக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். மெயின் சுவிட்ச் நடைக்குள்ளே இருந்தது. வேறு வீடென்றால் அவரே உள்ளே போவார். இத்தா வீடென்பதால் கேட்டுக்கு வெளியே தண்ணீரிலேயே முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டார். "நீ போயி எடுத்துட்டு வா தம்பி" என்றார். நான் உள்ளே போனேன். என் சட்டைப்பையில் பழைய ஸ்பேர் கட்டை ஒன்று இருந்தது. சுவிட்சில் இருந்ததைத் தொடாமல், ஸ்பேரைக் கொண்டுவந்து அவர் உள்ளங்கையில் வைத்தேன்.

"தங்கச்சி வீட்டுதுதானே?"

"ஆமாண்ணே."

அதன்மேல் காலிதா என்று எழுதிப் பையில் போட்டார். எழுத்துக் கூட்டிக் கூட்டி அழகாக எழுதுவார். அவர் தெருமுனை திரும்பியதும் நான் மாடிக்குப் போய் ஜெனரேட்டரை ஓடவிட்டேன். என் வீட்டிலும் ஒரு ஸ்பேரைச் செருகினேன். கொஞ்ச நேரத்தில் லாமியா அவர்கள் மாடிக்கு வந்து கையை ஆட்டினாள், மெஷின் ஓடுகிறது என்று. நான் அல்ஹம்துலில்லாஹ் சொல்லிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன். உண்மையைச் சொன்னால், என் திறமையை மெச்சிக்கொள்ளவும் செய்தேன்.

மத்தியானம் காற்று நின்றது. பாண்டியண்ணன் பனங்காட்டுக்குப் போய்ப் பார்த்திருக்கிறார். அங்கே கழுத்தளவு தண்ணீர், போஸ்ட்டுக்குப் பக்கத்தில்கூட நெருங்க முடியவில்லை. வேறொருவராக இருந்தால் மதரஸாவுக்கு வந்து படுத்திருப்பார். இவருக்கு ஒரு பகலை வீணாக்க மனசு வரவில்லை. எங்கள் தெருக்கம்பியோடு சேர்ந்த பீச் ரோட்டுக் கம்பி அறுந்து தொங்கியது, அதையாவது இன்றைக்கே கட்டிவிடலாம், பெரிய லைன் வந்த நிமிஷமே வீடுகளுக்கு விளக்கு எரியட்டும் என்று திரும்பி வந்தார். போஸ்ட்டடியில் நின்று பையைத் திறந்து எண்ணினார் என்று பிறகு அங்கே நின்றவர்கள் சொன்னார்கள். நாற்பத்தொரு பெயரும் இருந்தது. கம்பியைச் சங்கிலி போட்டு மண்ணோடு இணைத்து எர்த் செய்யும் கம்பு, முதல் நாள் பனங்காட்டில் வைத்தது, அங்கே தண்ணீருக்குள் மாட்டிக்கொண்டிருந்தது. பை நிறைந்திருக்கிறதே என்று ஏறிவிட்டார்.

மூன்றரை மணி இருக்கும். நான் ஜெனரேட்டருக்குப் பெட்ரோல் ஊற்றிவிட்டு நிமிர்ந்தேன். பீச் ரோட்டு முனையில் ஆட்கள் கத்தினார்கள். போஸ்ட்டின் உச்சியில் பெல்ட்டில் ஒரு உடம்பு பின்னால் வளைந்திருந்தது. வலது கை மட்டும் கம்பியை விடாமல் பிடித்திருந்தது. என்ன நடக்கிறது என்று ஊரிலேயே எனக்கு மட்டும்தான் தெரியும்.

ஸ்டாப் சுவிட்ச் என் கைக்கு ஒரு முழம் தூரத்தில் இருந்தது. நான் உடனே அதை அழுத்தவில்லை. தலையைத் திருப்பி ஒரு முறை ராத்தா வீட்டைப் பார்த்தேன். அதன் பிறகுதான் அழுத்தினேன். எவ்வளவு நேரம் என்று கேட்டால், ஒருவர் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிற நேரம். அவர் விரல்கள் வெந்தது அந்த நேரத்தில்தான்.

அதற்கப்புறம் நான் செய்தது இன்னும் கேவலம். மாடியிலிருந்து இறங்கியதும் முதலில் போஸ்ட்டுக்கு ஓடவில்லை. மெயின் சுவிட்சைத் திறந்து அந்தக் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப்பைக்குள் போட்டேன். அப்புறம் ராத்தா வீட்டுக்குப் போய் அங்கேயும் பிடுங்கினேன். மெஷின் நின்றிருந்தது. ராத்தா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்னால் குனிந்திருந்தார், உதடு நிறம் மாறிக்கொண்டிருந்தது. நான் கட்டையைப் பிடுங்குவதை அவர் பார்த்தார். வெளியே ஆட்கள் கத்துவதும் அவருக்குக் கேட்டது.

"யாருக்குடா?"

"பாண்டியண்ணனுக்கு, ராத்தா. கரண்டு அடிச்சிருச்சு."

"உசுரு?"

"தெரியல."

சுவிட்சையும் என் சட்டைப்பையையும் அவர் மாறி மாறிப் பார்த்தார்.

காற்று நின்றுவிட்டதால் ஹாஜா முகைதீன் தன் சின்ன வள்ளத்தைத் தெருத்தண்ணீரில் தள்ளிக்கொண்டு வந்திருந்தார். பாண்டியண்ணனைப் போஸ்ட்டிலிருந்து இறக்கி அதில் கிடத்தியிருந்தார்கள். நினைவிருந்தது. வாய் மட்டும் ஏதோ முணுமுணுத்தது. வள்ளம் ராத்தா வீட்டு வாசலைத் தாண்டும்போது லாமியா, "நிறுத்துங்க" என்று கத்தினாள். ராத்தா வெள்ளைத் துப்பட்டியைத் தலையோடு போர்த்திக்கொண்டு படியில் இறங்கி நின்றார். யாரும் அவரைக் கேட்கவில்லை. மகள் தோளைப் பிடித்து வள்ளத்தில் ஏறி, அந்த மனிதரின் தலைமாட்டில் உட்கார்ந்தார். ஐம்பது நாள் காத்த வாசலை அவர் யாருக்காகத் தாண்டினார் என்று ஊருக்குப் புரியவில்லை. தன் மூச்சுக்காக என்று பேசிக்கொண்டார்கள்.

வள்ளத்திலேயே ஓடையைக் கடந்தோம், அந்தப் பக்கம் ஆள் ஓடிச் சொல்லி ஆம்புலன்ஸ் வந்தது. இரண்டு பேரையும் ராமநாதபுரம் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ராத்தா பிழைத்தார். பாண்டியண்ணனும் பிழைத்தார். வலது கையில் இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள், மற்ற மூன்றும் மடங்காது. ஊரில் ஆளுக்கு ஒரு வீட்டைக் கைகாட்டினார்கள். எங்கள் லைனில் இருக்கும் வாவு முகம்மது வீட்டு இன்வெர்ட்டர்தான் காரணம் என்று ஒரு பேச்சு கிளம்பி, அவர் பள்ளிவாசலில் சத்தியம் செய்கிற அளவுக்குப் போனது. நான் அந்த ஸஃப்பில், அதே தொழுகை வரிசையில், இரண்டு ஆள் தள்ளி நின்றிருந்தேன். விசாரணைக்கு வந்த அதிகாரிகளிடம் பாண்டியண்ணன், "எர்த் போடாம ஏறுனது என் தப்புத்தான் சார்" என்று எழுதிக் கொடுத்துவிட்டார். பையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ராத்தா வீடு திரும்பி, இத்தாவில் மீதி நாளையும் இருந்து முடித்தார். அது வரைக்கும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. முடிந்த அன்று கூப்பிட்டு, "போயி சொல்லிட்டியா?" என்றார். இல்லை என்றேன். "அப்ப எனக்கு நீ சாப்பாடு கொண்டாராத" என்றார்.

புயலடித்து ஐந்து மாதம் கழித்து, சித்திரை வெயிலில் உச்சிப்புளி ஆபீசுக்குப் போனேன். இனிமேல் அவரால் போஸ்ட்டில் ஏற முடியாது என்று அங்கே போன் எடுக்கிற மேஜையில் உட்கார வைத்திருந்தார்கள். ஊர் ஊராகக் கரண்ட் இல்லை என்று வரும் புகாரை இடது கையால் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் எழுத்துப்போல எட்டுத் திசைக்கும் ஓடியது.

நான் உட்காரவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன், ஸ்பேர் கட்டை, ஆமாண்ணே என்று சொன்னது, சுவிட்சை அழுத்துவதற்கு முன் திரும்பிப் பார்த்தது வரை. வேற வழி தெரியலைண்ணே, ராத்தா செத்துருமோன்னு பயந்துட்டேன், கேட்டா முடியாதுன்னு சொல்லிருவீங்கன்னு நெனச்சேன் என்றேன்.

அவர் பேனாவை வைத்தார். முகம் கறுத்தது. அந்த முகத்தில் நான் ஒரு நாளும் கோபத்தைப் பார்த்ததில்லை.

"ஏலே, நான் முடியாதுன்னு சொல்லுவேன்னு ஒனக்கு யாருடா சொன்னது?" என்றார். "அந்தப் புள்ள மூச்சுக்குத் தவிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, ஒன் தெரு பிரியற போஸ்ட்ல ஏறி, பீச் ரோட்டுக் கம்பியோட சேர்க்கிற நாலு ஜம்பரையும் அவுத்து விட்டுருப்பேன். தெருக்கம்பி தனியாப் போயிரும். பீச் ரோட்டுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லாமப் போயிரும். நீ பாட்டுக்கு அதுல ஒரு வாரம் ஜெனரேட்டரு ஓட்டியிருக்கலாம். நான் பாட்டுக்கு என் வேலயப் பாத்துருப்பேன்."

நான் எலக்ட்ரீசியன். அவர் சொல்லி முடிப்பதற்குள் அது எவ்வளவு சரி என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"பத்து நிமிச வேலடா" என்றார்.

போன் அடித்தது. இடது கையால் எடுத்து, "சொல்லுங்க, எந்த ஊரு?" என்று கேட்டு நோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். என்னை உட்காரச் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை. அடுத்த போன் வந்தது, அதற்கடுத்ததும் வந்தது. நான் மேஜைக்கு முன்னால் நின்றுகொண்டே இருந்தேன்.